எண்ணாமல் விட்ட ஃபோல்டர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

கொல்லிமலையின் பைல் நாட்டிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்கள் பாடுகிற பாட்டையும், சாமை, தினை விதைப்பு பற்றி அவர்கள் சொல்வதையும் பதிவு செய்து, லேப்டாப்பில் ஒரே ஃபோல்டருக்குள் அடுக்கி வைக்கிறீர்கள். மாதம் ஒரு தடவை பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு நாமக்கல் போகிறீர்கள். போன மாதம் காப்பி பாதியில் நின்றுபோனது கீழே போய்த் திறந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, வேலை நடக்காமல் அந்த 70 வளைவையும் திரும்ப ஏறியிருக்கிறீர்கள். ஃபோல்டரின் மொத்த அளவை முன்கூட்டியே சொல்லும் புரோகிராம் ஒன்றை நீங்களே எழுதப் பார்த்தீர்கள். விண்டோஸில் அதற்கு நேரான கட்டளை ஏன் இல்லை என்று கேட்கிறீர்கள்.

காரணம், அந்த எண்ணை விண்டோஸ் எங்கேயும் எழுதி வைப்பதில்லை. ஃபைலுக்கு அளவு உண்டு. ஃபோல்டர் வெறும் பெயர்ப் பட்டியல். பட்டியலுக்கும் கூட்டுத்தொகை வைத்துக்கொள்வது என்று வந்தால், ஆழத்தில் இருக்கும் ஒரு ஃபைலில் நாலு எழுத்து கூடினாலும் அதன் ஃபோல்டர், அதற்கு மேல் ஃபோல்டர், அதற்கும் மேல் என்று டிரைவின் உச்சிவரை எல்லா எண்களையும் திருத்த வேண்டும். ஒவ்வொரு சேமிப்புக்கும் இது நடக்க வேண்டும். போதாததற்கு, என்டிஎஃப்எஸ்ஸில் ஒரே ஃபைல் இரண்டு ஃபோல்டர்களில் இரண்டு பெயர்களோடு இருக்கலாம். அதை யார் கணக்கில் சேர்ப்பது? ஆகவே தேவைப்படும்போது போய் எண்ணிக்கொள்ளுங்கள் என்று விண்டோஸ் சொல்லிவிடுகிறது. பழைய விபிஸ்கிரிப்ட்டில் ஃபோல்டரின் அளவை ஒரே வரியில் கேட்கலாம் என்பது உண்மைதான். அந்த ஒரு வரியும் உள்ளுக்குள் ஃபோல்டர் ஃபோல்டராகத்தான் போய் எண்ணி வருகிறது.

உங்கள் கொல்லிமலையையே எடுத்துக்கொள்ளுங்கள்: 14 ஊராட்சிகள். மலையில் மொத்தம் எத்தனை பேர் என்று புதிதாக எண்ண வேண்டுமானால் நாடு நாடாக, ஊர் ஊராக, வாசல் வாசலாகப் போயாக வேண்டும். புரோகிராமும் அதையேதான் செய்யும். ஃபைண்ட்ஃபர்ஸ்ட்ஃபைல் முதல் பெயரைத் தரும், ஃபைண்ட்நெக்ஸ்ட்ஃபைல் அடுத்தடுத்த பெயர்களைத் தரும். வருவது ஃபைல் என்றால் அளவைக் கூட்டுங்கள். ஃபோல்டர் என்றால் அதற்குள் நுழைந்து இதையே மறுபடி செய்யுங்கள். முடிந்ததும் ஃபைண்ட்குளோஸை மறக்கக் கூடாது. பென்டிரைவை எண்ணிவிட்டுத் தேடலை மூடாமல் விட்டால், புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்வரை, கழற்றும் நேரத்தில் 'இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது' என்று விண்டோஸ் விடாப்பிடியாக நிற்கும்.

உங்கள் புரோகிராம் முடியாமல் ஓடிக்கொண்டே இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பட்டியலில் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்று இரண்டு பெயர்கள் வரும். ஒற்றைப் புள்ளி அந்த ஃபோல்டரேதான், இரட்டைப் புள்ளி அதன் தாய் ஃபோல்டர். அவற்றுக்குள் நுழைந்தால் வெளியே வர வழியில்லை. இரண்டையும் தாண்டிவிடுங்கள். வேறொரு ஃபோல்டரைச் சுட்டிக்காட்டி நிற்கும் ஜங்ஷன் வகை ஃபோல்டர்களையும் அவற்றின் அடையாளக் குறியைப் பார்த்து விலக்குங்கள். ஒவ்வொருவரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்ளும் அப்படித் தன் தாயையே காட்டும் ஒன்று இருக்கிறது.

அடுத்து நான் சொல்லப்போவது என் கையால் நடந்த தவறு. பதினைந்து வருடம் இருக்கும். கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு நண்பருக்கு, காப்பி செய்யும் முன் அளவு பார்க்க சி++-ல் ஒரு சிறிய புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். விண்டோஸ் ஒரு ஃபைலின் அளவை இரண்டு துண்டாகத் தருகிறது: கீழ்ப்பாதி 32 பிட், மேல்பாதி 32 பிட். கீழ்ப்பாதியில் 4,29,49,67,296 பைட்டுக்குக் குறைவான எண்தான் அடங்கும், அதாவது 4 ஜிபிக்குள். நான் கீழ்ப்பாதியை மட்டும் கூட்டியிருந்தேன். நான் சோதித்த ஃபைல்கள் எல்லாம் சின்னவை, கணக்கு அச்சாகச் சரியாக வந்தது. அவருடைய வீடியோ 5 ஜிபி. என் புரோகிராம் அதை 1 ஜிபி என்றது. வாடிக்கையாளரின் ஹார்ட் டிஸ்க்கில் 3 ஜிபி காலி இருந்தது, தாராளமாகப் போதும் என்று திரையில் காட்டியது. அவர் அதை நம்பி, காப்பியை ஓடவிட்டு விட்டு வேறு வேலையைப் பார்த்திருக்கிறார். பெண் வீட்டார் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்த பிறகு டிஸ்க்கைத் திறந்தால் வீடியோ இல்லை. அன்று அவர் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்னும் வலிக்கிறது. மேல்பாதியை 4,29,49,67,296-ஆல் பெருக்கிக் கீழ்ப்பாதியோடு சேர்க்க வேண்டும், கூட்டுத்தொகையை 64 பிட் எண்ணில் வைக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். சி ஷார்ப்பில் எழுதினால் இரண்டு பாதியையும் அதுவே சேர்த்துக் கொடுத்துவிடும். அங்கேயும் கூட்டுத்தொகையை இன்ட்டில் வைத்தால் 214 கோடியைத் தாண்டியதும் கணக்கு கெடும். லாங்கில் வையுங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. சில ஃபோல்டர்களுக்குள் உங்களுக்கு அனுமதி இருக்காது. டாட்நெட்டில் எல்லாத் துணை ஃபோல்டர்களையும் சேர்த்து கெட்ஃபைல்ஸ் என்று பழைய முறையில் கேட்டால், அப்படி ஒரே ஒரு ஃபோல்டர் குறுக்கே வந்தாலும் பிழை சொல்லி முழுவதையும் கைவிட்டுவிடும். இதற்குத் தீர்வாக டாட்நெட் கோர் 2.1-ல், 2018-ல், எனுமரேஷன்ஆப்ஷன்ஸ் வந்தது. அது அனுமதி இல்லாதவற்றைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். கூடவே, நீங்கள் சொல்லாமலேயே மறைக்கப்பட்ட ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் தாண்டிவிடும். திரையில் ஓர் எண் வரும். அது குறைந்த எண் என்பது யாருக்கும் தெரியாது. பிழையோடு நின்றுபோன புரோகிராமைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகிறவர் பூட்டிய வீட்டையும் நோட்டில் குறித்துக்கொண்டுதான் அடுத்த வாசலுக்குப் போகிறார். உங்கள் புரோகிராமும் ஃபோல்டர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறக்கட்டும்; திறக்க முடியாததன் பெயரை ஒரு பட்டியலில் சேர்க்கட்டும்; கடைசியில் மொத்த அளவுக்குக் கீழேயே 'எண்ணாதவை இத்தனை' என்று காட்டட்டும். அந்த வரி இல்லாத எண்ணை நம்பிப் பஸ் ஏறாதீர்கள்.

எண்ணிக்கை சரியாக வந்தாலும் பென்டிரைவில் கொள்ளும் என்று சொல்லிவிட முடியாது. கால் மூட்டைச் சாமையும் வேனில் ஒரு மூட்டை இடத்தைப் பிடிக்கும் இல்லையா? டிஸ்க் தன் இடத்தைக் கிளஸ்டர் கிளஸ்டராகத்தான் கொடுக்கும். லேப்டாப்பின் என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு கிளஸ்டர் பொதுவாக 4 கேபி. 32 ஜிபிக்கு மேற்பட்ட பென்டிரைவை விண்டோஸிலேயே எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்தால் வழக்கமாக 128 கேபி. பாட்டுக்குப் பாட்டு நீங்கள் எழுதி வைக்கும் குறிப்புகள் ஒவ்வொன்றும் 1 கேபி என்றால், ஆயிரம் குறிப்பு சேர்ந்தும் 1 எம்பியைத் தொடாது. பென்டிரைவில் அதே ஆயிரமும் 125 எம்பி பிடிக்கும். பாட்டுப் பதிவுகளுக்கு இந்தக் கவலை இல்லை; சிடி தரத்தில் ஸ்டீரியோவாக ஒரு மணி நேரப் பதிவு 63,50,40,000 பைட், விண்டோஸ் அதைச் சுமார் 605 எம்பி என்று காட்டும், அதில் 128 கேபி கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. சின்ன ஃபைல்கள்தான் கணக்கைக் கெடுக்கும். ஆகவே போய்ச் சேரும் டிரைவின் கிளஸ்டர் அளவைக் கெட்டிஸ்க்ஃப்ரீஸ்பேஸ் மூலம் கேட்டு, ஒவ்வொரு ஃபைலையும் அதன் மடங்குக்கு மேல்நோக்கி முழுமையாக்கிக் கூட்டுங்கள். அட்டையில் 64 ஜிபி என்று போட்டிருந்தாலும், விண்டோஸ் 1024 கணக்கில் அளப்பதால் கைக்கு வருவது 59.6 ஜிபிக்குள்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். பென்டிரைவ் ஃபேட்32 என்றால் எவ்வளவு காலி இருந்தாலும் 4 ஜிபி ஃபைல் ஏறாது.

ஃபோல்டர்களுக்குத் தமிழில் பெயர் வைத்திருப்பது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. விண்டோஸின் பழைய வரம்பு, முழுப் பாதைக்கும் 260 குறிகள். 'பைல் நாடு ஊராட்சி' என்பதில் நம் கண்ணுக்கு எட்டு எழுத்து, இரண்டு இடைவெளி. விண்டோஸுக்கு அது 17 குறிகள். பகரம் தனி, ஐகாரக் குறி தனி, லகரம் தனி, மேல் புள்ளி தனி. ஊர், தேதி, பாடியவர், பாட்டின் முதல் அடி என்று நீங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துக்கொண்டு போனால் 260 சீக்கிரமே தீர்ந்துவிடும். அதற்கு மேல் இருக்கும் ஃபோல்டரைப் பழைய முறையில் எழுதிய புரோகிராமால் திறக்க முடியாது. சி++-ல் எழுதினால் டிரைவ் எழுத்தில் தொடங்கும் முழுப் பாதைக்கு முன்னால் \\?\ என்ற நான்கு குறியைச் சேருங்கள், வரம்பு விலகிவிடும். இதற்காகத் தமிழ்ப் பெயர்களை மாற்றிவிடாதீர்கள்.

ஒன்டிரைவ் வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் மட்டும் இருக்கும் ஃபைலுக்கும் முழு அளவு காட்டும், டிஸ்க்கில் இடம் சுழியம் என்றிருக்கும். காப்பி செய்யத் தொடங்கியதும் அதை இணையத்திலிருந்து இழுக்கும். மலையில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எழுதி முடித்ததும் முதலில் பாட்டு ஃபோல்டரில் ஓட்டாதீர்கள். தனியாக ஒரு ஃபோல்டரில் ஒரு காலி ஃபைல், 4097 பைட்டில் ஒன்று, 5 ஜிபி வீடியோ ஒன்று, தமிழில் நீண்ட பெயரோடு ஒன்றுக்குள் ஒன்றாக ஏழெட்டு ஃபோல்டர், உங்களுக்கே அனுமதி மறுத்த ஃபோல்டர் ஒன்று, இவற்றை வைத்துப் பாருங்கள். கிளஸ்டருக்கு முழுமையாக்காத கூட்டுத்தொகையை, ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் சைஸ் என்று வரும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். பூட்டிய ஃபோல்டரின் பெயர் உங்கள் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். பஸ்ஸுக்கு முந்தின ராத்திரியே காப்பியை முடித்து, பென்டிரைவிலும் அதே புரோகிராமை ஓட்டி, இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் பைட்டும் ஒன்றா என்று பார்த்துவிட்டுத் தூங்குங்கள். வந்த எண்ணை எனக்கு எழுதுங்கள், எண்ணாதவை பட்டியலோடு.

அன்புடன்,
உங்கள் அண்ணன்