அசதியும் பன்னிரண்டு உப்புகளும்



தஞ்சைப் பகுதியில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் சகோதரிகள் பலர், "உடம்பு அசதியாயிருக்கிறது, கைகால் ஓய்ந்துபோகிறது" என்கிறார்கள். இதற்கென ஹோமியோபதி இனிப்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடுவோர் உண்டு. அதைக் குறித்து இம்முறை படிப்போம்.

இம்மருத்துவம் நம் ஊருக்குப் புதிதல்ல. 1840-களிலேயே சாமுவேல் புரூக்கிங் என்ற ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர், மன்னரின் ஆதரவோடு தஞ்சையில் ஹோமியோபதி மருத்துவமனை ஏற்படுத்தினார். தாது உப்பு மருந்துகளை வகுத்தவர் ஜெர்மனி தேசத்து டாக்டர் ஷூஸ்லர் (1821-1898). அவர் சொன்ன உப்புகள் பன்னிரண்டு. நரம்புத் தளர்ச்சிக்கும் அசதிக்கும் காலி பாஸ், இரத்த சோகைக்குப் பெர்ரம் பாஸ் என்ற இரும்பு உப்பு கொடுப்பது வழக்கம்.

மாத்திரையில் எவ்வளவு உப்பு இருக்கிறது?

"6 எக்ஸ்" என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் பால் சர்க்கரை. ஒரு கிராம் மாத்திரையில் ஒரு மைக்ரோகிராம் உப்பே இருக்கும். கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் மாத்திரையிலோ 60 மில்லிகிராம் இரும்பு உண்டு. அதற்கு ஈடாக 60 கிலோவுக்கும் மேல் 6 எக்ஸ் மாத்திரை தின்னவேண்டும்! ஆகவே இது இரும்புக் குறையை நிரப்பாது. ஹோமியோபதி எந்த நோயையும் குணமாக்குவதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று 2015-ல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வு மன்றமும் அறிவித்தது.

இத்தனை சிறிய அளவு உப்பு கெடுதல் செய்யாது. வீணாகும் நாட்களே ஆபத்து. அசதிக்குப் பின்னால் இரத்த சோகை, சர்க்கரை, காசநோய், தைராய்டு குறை, மனச்சோர்வு இருக்கலாம். மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடப்போருக்குக் கொக்கிப்புழு பாதத்தின் வழியாய் நுழைந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும்.

கவனிக்கவேண்டியவை:

1. அசதி இரண்டு வாரம் நீடித்தால் இரத்தமும் சர்க்கரையும் பரிசோதியுங்கள். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் சோகை.

2. மூச்சுவாங்கல், கால்வீக்கம், கறுத்த மலம், எடை குறைதல், விடாத இருமல் கண்டால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

3. சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, காசநோய் மருந்துகளை நிறுத்தாதிருங்கள்.

4. பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் சர்க்கரை நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டே இம்மாத்திரையைச் சாப்பிடவேண்டும்.

5. பெயரும் வீரியமும் காலாவதித் தேதியும் அச்சிடாத பொட்டலங்களை வாங்காதீர்கள்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்தப் பரிசோதனையும் இரும்பு மாத்திரையும் இலவசம். உங்கள் சபைப் பெண்கள் கூடுகையில் இதை வாசித்து, களைத்துப்போயிருக்கும் ஒரு சகோதரியையாவது பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்படி அன்புடன் கேட்டுக்கொள்ளுகிறோம்.