வானத்துச் சாலைகள்

புதுதில்லியின் கரோல் பாக் பகுதியில் உள்ள பூசா சாலையில் பேருந்துகளும் ஆட்டோக்களும் நெருக்கமாகச் செல்கின்றன. அச்சாலைக்கு மேலே, தூண்கள் தாங்கும் பாதையில் மெட்ரோ தொடர்வண்டி விரைகிறது. இரண்டும் மோதுவதில்லை, அவற்றின் உயரம் வேறு. மெட்ரோவில் போகும் வண்டிக்கும் வரும் வண்டிக்கும் தனித்தனித் தண்டவாளங்கள் உள்ளன. ஆகவே அவையும் மோதுவதில்லை.

வானத்தில் தூண்களும் இல்லை, தண்டவாளங்களும் இல்லை. அங்கே விமானங்களைப் பிரித்து வைப்பவை எண்களே. ஒவ்வொரு விமானமும் எந்த உயரத்தில் பறக்க வேண்டும் என்பதை வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வானொலி வழியே அறிவிக்கிறார். விமானி அதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்கிறார். அந்த எண்ணைக் காப்பது அவர் கடமை.

1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாலை, சவூதி அரேபிய விமானம் ஒன்று தில்லியிலிருந்து புறப்பட்டது. கசகஸ்தான் விமானம் ஒன்று தில்லியை நோக்கி இறங்கி வந்தது. அக்காலத்தில் அப்பகுதியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் ஒரே வான்பாதையே இருந்தது. சவூதி விமானத்துக்கு 14,000 அடி உயரமும், கசகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி உயரமும் ஒதுக்கப்பட்டன. இடைவெளி 1,000 அடி, அதாவது ஏறத்தாழ 300 மீட்டர்.

எதிரே விமானம் வருவதைக் கட்டுப்பாட்டாளர் எச்சரித்தார். எனினும் கசகஸ்தான் விமானம் தனக்குரிய உயரத்தை விட்டுக் கீழே இறங்கியது. அன்று தில்லியில் இருந்த ரேடார், விமானத்தின் திசையையும் தொலைவையும் மட்டுமே காட்டியது, உயரத்தைக் காட்டவில்லை. எனவே நேர்ந்த தவறு கட்டுப்பாட்டாளர் கண்ணுக்குப் புலப்படவில்லை. அரியானா மாநிலத்தின் சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு அருகே இரு விமானங்களும் மோதின. அவற்றில் இருந்த 349 பேரும் உயிரிழந்தனர்.

நீதிபதி லகோதி தலைமையிலான ஆணையம் இவ்விபத்தை ஆராய்ந்தது. வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனி வான்பாதைகள் வேண்டும், உயரத்தையும் காட்டும் ரேடார் வேண்டும், விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி வேண்டும் என்ற கருத்துகள் வலுப்பெற்றன. அக்கருவி அருகில் உள்ள விமானத்தின் குறிப்பலைகளைப் பெற்று, விமானியை எச்சரிக்கிறது. இரு விமானங்களிலும் அக்கருவி இருந்தால், ஒன்றை ஏறவும் மற்றதை இறங்கவும் பணிக்கிறது. குறிப்பலை அனுப்பாத சிறு விமானத்தை அக்கருவியால் அறிய இயலாது. ஆகவே சிறு விமானங்களின் விமானிகள் கண்களால் வானத்தை இடைவிடாது நோக்குவதும் இன்றியமையாதது.

மனிதர் தவறக்கூடும். ஒருவர் தவறினாலும் மற்றொன்று காக்குமாறு பாதுகாப்பை அடுக்கடுக்காக அமைக்க வேண்டும். இதுவே சர்க்கி தாத்ரி கற்பித்த பாடம்.

அருஞ்சொற்பொருள்
புலப்படுதல் – தெரிதல்
பணித்தல் – கட்டளையிடுதல்
இன்றியமையாதது – மிகவும் தேவையானது

வினாக்கள்
1. பூசா சாலையில் பேருந்தும் மெட்ரோவும் மோதாமல் இருப்பது ஏன்?
2. இரு விமானங்களுக்கும் ஒதுக்கப்பட்ட உயரங்கள் யாவை?
3. தவறு கட்டுப்பாட்டாளருக்குப் புலப்படாததற்குக் காரணம் என்ன?
4. ‘பாதுகாப்பை அடுக்கடுக்காக அமைக்க வேண்டும்’ – உம் பள்ளியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தந்து விளக்குக.