சிவப்புப் பூவுக்கு யார் வருவார்?

அன்புள்ள கயல்விழி,

உன் கடிதம் கிடைத்தது. தேனீயும் ஹம்மிங் பறவையும் பூக்களுக்கு உதவுவதாகப் பாடத்தில் படித்துவிட்டு, “அவை எதற்கு உதவ வேண்டும்?” என்று கேட்டிருக்கிறாய். கேட்க வேண்டிய கேள்விதான்.

உதவும் எண்ணத்தோடு பூவுக்கு யாரும் வருவதில்லை. தேனீ இரண்டு பொருளுக்காக வருகிறது. பறக்கத் தெம்பு தரும் பூந்தேன் ஒன்று. கூட்டில் புழுக்களை வளர்க்கப் புரதம் தரும் மகரந்தம் மற்றொன்று. ஹம்மிங் பறவைக்குப் பூவிலிருந்து பூந்தேன் மட்டும் போதும். புரதத்துக்கு அது சிறு பூச்சிகளைப் பிடித்துக்கொள்ளும். இப்படித் தம் வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டு பூவுக்குப் பூ போகையில், உடம்பில் ஒட்டிய மகரந்தம் அதே இனத்தின் இன்னொரு பூவிலுள்ள சூல்முடியில் படுகிறது. பிறகு விதை பிடிக்கிறது. வருபவர் யாரோ அவர் உடம்பில் சரியான இடத்தில் மகரந்தத்தை ஒட்டிவிடுவதுதான் பூவின் வேலை. ஒரு பூவின் நிறமும் வடிவமும் பெரும்பாலும் இதை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

இதை விளக்க இரண்டு பூக்களைச் சொல்கிறேன். ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. நம் வீட்டுச் செம்பருத்திக்கு வருவது தேன்சிட்டு. அது வேறு குடும்பம். ஆகவே கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைக்குப் போவோம். அங்கே ஓடைக்கரைகளில் மிமுலஸ் என்ற செடி வளர்கிறது. அதில் நெருங்கிய உறவுள்ள இரண்டு இனங்கள்: மலையின் மேற்பகுதியில் ‘லூயிசி’, கீழ்ப்பகுதியில் ‘கார்டினாலிஸ்’. நடுவில் சில இடங்களில் இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

லூயிசியின் பூ இளஞ்சிவப்பு. கீழ் இதழ்கள் முன்னால் விரிந்து, வந்து உட்காரத் திண்ணை போட்டதுபோல் இருக்கும். உள்ளே போகும் வழியில் மஞ்சள் கோடுகள் உண்டு. பூந்தேன் மிகக் கொஞ்சம். இதற்கு வருவது ரோமம் அடர்ந்த பெரிய காட்டுத் தேனீயான பம்பிள்பீ. அதன் சிறிய வயிற்றுக்கு அந்தக் கொஞ்சமே போதும். அது உள்ளே நுழையும்போது முதுகில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும்.

கார்டினாலிஸின் பூ நல்ல சிவப்பு. இதழ்கள் பின்னோக்கி மடங்கியிருப்பதால் உட்கார இடமே இல்லை. ஹம்மிங் பறவைக்கு அது தேவையும் இல்லை; அது அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும். அப்படி நிற்கச் சிறகை நொடிக்குச் சுமார் 50 முறை அடிக்க வேண்டும். அதற்கு ஏராளமான சக்தி தேவை. அதனால் இந்தப் பூவில் பூந்தேனும் தாராளம். மகரந்தப் பைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பறவை அலகை உள்ளே விடும்போது அதன் நெற்றியில் மகரந்தம் படும்.

சிவப்பு ஏன்? 1914-இல் கார்ல் ஃபான் ஃப்ரிஷ் என்ற அறிஞர், தேனீக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பழக்கி, அவை நிறம் அறியும் என்று காட்டினார். சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே நீல அட்டையை அவை தவறாமல் கண்டுபிடித்தன. சிவப்பையோ கறுப்பிலிருந்து பிரித்தறியத் தடுமாறின. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி தேனீக்குத் தெரியும். நமக்குப் பளிச்சென்ற சிவப்பு அதற்கு மங்கல். பறவைக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும். ஆகவே சிவப்புப் பூவைத் தேனீ பெரும்பாலும் கவனிக்காமல் போய்விட, பூந்தேன் பறவைக்கு மிஞ்சுகிறது.

இது வெறும் ஊகமா என்று நீ கேட்பாய். பிராட்ஷா, ஷெம்ஸ்கி என்ற இரு அறிஞர்கள் சோதித்தே பார்த்தார்கள். இரண்டு பூவிலும் இளஞ்சிவப்பு நிறமி உண்டு. கார்டினாலிஸில் மஞ்சள் நிறமியும் சேர்ந்திருப்பதால்தான் அது சிவப்பாகத் தெரிகிறது. மஞ்சள் இருக்குமா இருக்காதா என்பதை மரபணுத் தொகுதியில் ஒரே ஓர் இடம் தீர்மானிக்கிறது. பல தலைமுறை கலப்பு செய்து, அந்த ஓர் இடத்தை மட்டும் இரண்டு இனங்களுக்கும் இடையே மாற்றி வைத்தார்கள். லூயிசியின் பூ மஞ்சள் கலந்த ஆரஞ்சாயிற்று. கார்டினாலிஸின் பூ அடர் இளஞ்சிவப்பாயிற்று. வடிவமும் பூந்தேனும் ஏறக்குறைய பழையபடியே இருந்தன.

இந்தச் செடிகளை மலையில் வைத்துப் பார்த்தபோது, நிறம் மாறிய லூயிசிக்கு ஹம்மிங் பறவைகளின் வருகை 68 மடங்கு கூடியது. நிறம் மாறிய கார்டினாலிஸுக்குத் தேனீக்களின் வருகை 74 மடங்கு கூடியது. 2003-இல் இந்த முடிவு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

இந்த இரண்டு இனங்களையும் நாம் கையால் கலந்தால் விதை பிடிக்கும். மலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் கலப்புச் செடி மிக அரிது. ஒன்றுக்குத் தேனீயும் மற்றொன்றுக்குப் பறவையும் போவதால் மகரந்தம் இடம் மாறுவதில்லை. இரண்டும் தனித்தனி இனங்களாக நிலைப்பதற்கு இது பெரிய காரணம். எந்தச் செடியும் திட்டமிட்டு நிறம் மாறவில்லை. தற்செயலாக வந்த மாற்றங்களில் எது வருபவருக்குப் பொருந்தியதோ அதற்கு விதை கூடியது. தலைமுறை தலைமுறையாக அது பெருகியது.

இனி நீ எந்தப் பூவைப் பார்த்தாலும் நான்கு கேள்வி கேள். நிறம் யார் கண்ணுக்குத் தெரியும்? உட்கார இடம் உண்டா? பூந்தேன் எவ்வளவு? வருபவரின் உடம்பில் எந்த இடத்தில் மகரந்தம் படுகிறது? பூசணிப் பூவிலிருந்து தொடங்கு. விடியும்போது விரிந்து வெயில் ஏறியதும் வாடிவிடும். ஆகவே காலையிலேயே போ. அதில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அடியில் குட்டிக்காய் இருப்பது பெண் பூ. யார் முதலில் வந்தார், ஆண் பூவிலிருந்து எங்கே போனார் என்று குறித்து எனக்கு எழுது. அது பூக்கும் நேரத்தில் தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவை. தேனீ வராவிட்டால் குட்டிக்காய் மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

அன்புடன்,
உன் மாமா