பழைய காருக்கு மாற்று கார்பரேட்டர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. சம்பாதித்த காலத்தில் ஆசையாக வாங்கிய காரை அதற்குப் பிறகும் விற்க மனமில்லாமல் காப்பாற்றி வருகிறவர்கள் இந்த ஊரில் உண்டு. அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. நாம் இன்றும் பியட் என்றே சொல்லும் பிரீமியர் பத்மினி அதற்கும் பத்தாண்டுக்கு மேல் முன்பே நின்றுவிட்டது. கார்பரேட்டரோடு புதுக் கார் வருவதே நின்று வெகுகாலம் ஆகிறது. அதனால் வண்டி திணறத் தொடங்கியதும் கிடைத்ததை மாட்டு என்ற யோசனைகள்தான் நாலாபக்கமிருந்தும் வருகின்றன. நல்ல எஞ்சின்கள் பல இந்த யோசனைகளால்தான் கெடுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: கார்பரேட்டர் பழசாகிவிட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

உண்மை: பெரும்பாலும் வழி உண்டு. கார்பரேட்டரில் முதலில் தேய்வது த்ராட்டில் ஷாஃப்ட்டும் அது சுழலும் துளையும்தான். அந்த இடைவெளியில் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடிலிங் ஏறி இறங்குகிறது, சிக்னலில் நின்றால் அணைந்துபோகிறது. ஆக்சிலேட்டர் கம்பியைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட்டை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிகிறதா? எஞ்சின் ஓடும்போது ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கெட்டியான கிரீஸை அப்புங்கள். ஓட்டம் சட்டென்று சீரானால் கசிவு அங்கேதான். பெட்ரோலைத் தெளித்துச் சோதிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. சூடான எஞ்சின்மீது அதைச் செய்யவே கூடாது.

துளையைப் பெரிதாக்கி, கன்மெட்டல் புஷ் போட்டு, ரீமர் கொடுத்தால் அந்தக் கார்பரேட்டர் இன்னும் பல வருடம் உழைக்கும். இது லேத் வேலை. நூறாண்டுக்கு மேல் சுரங்கம் ஓடிய ஊர் இது. 1964-ல் தொடங்கிய பெமல் நிறுவனம் இங்கேதான் புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் செய்கிறது. இந்த ஊருக்கு லேத் வேலை புதிதல்ல.

அதற்கும் முன்னால் பாயிண்ட் இடைவெளி, கன்டென்சர், டைமிங் மூன்றையும் சரிபாருங்கள். கார்பரேட்டர்மேல் விழும் பழியில் பாதி இக்னிஷனுக்கு உரியது.

நம்பிக்கை: போல்ட் துளை பொருந்தினால் கார்பரேட்டரும் பொருந்தும்.

உண்மை: மேனிபோல்டில் உட்காருவது ஆரம்பம் மட்டுமே. முதலில் காற்று எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். பழைய அம்பாசடர்களிலும் மாரிஸ் மைனரிலும் வந்த எஸ்.யூ. கார்பரேட்டர் பக்கவாட்டிலிருந்து காற்றை இழுப்பது. பியட்டிலும் பிந்தைய அம்பாசடரிலும் வந்த சோலெக்ஸ், மேலிருந்து கீழே இழுப்பது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் இன்டேக் மேனிபோல்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதோடு ஆக்சிலேட்டர் கம்பி முழுத் தூரம் போய்த் திரும்ப வேண்டும், சோக் கேபிள் எட்ட வேண்டும், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வாக்குவம் குழாய்க்குத் துளை இருக்க வேண்டும், பானெட் மூட இடம் வேண்டும். அந்த வாக்குவம் குழாயை அடைத்துவிட்டு ஓட்டுபவர்கள், மைலேஜ் குறைந்ததற்குப் புதுக் கார்பரேட்டரைக் குறை சொல்கிறார்கள்.

நம்பிக்கை: பெரிய கார்பரேட்டர் போட்டால் பிக்கப் கூடும்.

உண்மை: எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கும் என்பதை அதன் கொள்ளளவும் சுழற்சியும்தான் தீர்மானிக்கின்றன. அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் 1489 சிசி. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவையும் இழுக்கும். நிமிடத்துக்கு 5000 சுற்றில் கணக்குப்படி ஏறக்குறைய 3700 லிட்டர். சிலிண்டர் முழுமையாக நிரம்புவதில்லை என்பதால் உண்மையில் 3000 லிட்டர் போலத்தான். ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் போகும்போது இதில் சிறு பங்கே போதும்.

கார்பரேட்டரின் குறுகலான கழுத்துக்கு வெஞ்சூரி என்று பெயர். மடை குறுகும் இடத்தில் தண்ணீர் விரைவதுபோல அங்கே காற்று விரைகிறது. அந்த வேகம்தான் பெட்ரோலை ஜெட்டிலிருந்து உறிஞ்சி எடுக்கிறது. 24 மில்லிமீட்டர் வெஞ்சூரிக்குப் பதில் 30 போட்டால் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. அதே சுழற்சியில் காற்றின் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. உறிஞ்சும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே அது பாதிக்கும் கீழே போய்விடும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் மூச்சடைத்து நிற்பது இதனால்தான்.

நம்பிக்கை: மாருதி 800 கார்பரேட்டர் எந்தக் காருக்கும் போடலாம், மைலேஜ் கொட்டும்.

உண்மை: அது 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கென்று அளந்து செய்தது. பியட் எஞ்சின் 1089 சிசி, நான்கு சிலிண்டர். சிறிய வெஞ்சூரி எஞ்சினை அடக்கி வைப்பதால் மெதுவாக ஓட்டும்போது மைலேஜ் கூடியதுபோலத் தெரியலாம். பங்காருபேட்டை சாலையில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு வேகம் பிடிக்கும்போது உண்மை தெரிந்துவிடும். எஞ்சினுக்கு வேண்டிய காற்று வராது. ஜெட்டும் சரியாக அமையாமல் கலவை வறண்டால் எக்ஸாஸ்ட் வால்வு சூடேறும். 2000-த்திலிருந்து இந்தியா முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல்தான். பழைய வால்வு சீட்டுகளுக்கு ஈயம் கொடுத்துவந்த பாதுகாப்பு இப்போது இல்லை என்பதால், வறண்ட கலவையின் சூட்டை அவை தாங்குவது மேலும் கடினம்.

நம்பிக்கை: ஜெட் நம்பர் ஒன்றாக இருந்தால் அளவும் ஒன்றே.

உண்மை: கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு. சோலெக்ஸில் 120 என்றால் துளை 1.20 மில்லிமீட்டர். மிக்குனியின் அறுகோணத் தலை ஜெட்டில் அந்த எண் எவ்வளவு பெட்ரோல் பாய்கிறது என்பதைச் சொல்கிறது, துளையின் விட்டத்தை அல்ல. எஸ்.யூ.வில் இப்படி மாற்றும் மெயின் ஜெட்டே கிடையாது. கூம்பாகத் தேய்த்த ஒரு நீடில் ஏறி இறங்கித்தான் அளவைக் கட்டுப்படுத்துகிறது. எந்த நீடில் என்பதை அதன் தண்டில் பொறித்த எழுத்து சொல்லும். கார்பரேட்டரின் ரகம் ஃப்ளோட் சேம்பரில் தொங்கும் சிறு அலுமினியத் தகட்டில் இருக்கும். அந்தத் தகட்டைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். எஸ்.யூ.வின் மேல்குடுவையில் ஊற்றும் எண்ணெய் வெறும் உராய்வுக்காக அல்ல. மிதித்தவுடன் கார்பரேட்டருக்குள் உள்ள பிஸ்டன் துள்ளி எழாமல் தடுத்து, அந்த நேரத்துக்குக் கலவையைச் செறிவாக்குவது அந்த எண்ணெய்தான். அது வற்றினாலும் பிக்கப் போகும்.

நம்பிக்கை: நம் ஊர் உயரமான இடம், ஆகவே ஜெட்டைச் சின்னதாகப் போட வேண்டும்.

உண்மை: முன்பு இது சரி. இன்று பாதி உண்மைதான். தங்கவயல் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையைவிட இங்கே காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. பெட்ரோல் அதே விகிதத்தில் குறையாது என்பதால், சென்னையில் சரியாக ஓடிய கார் இங்கே சுமார் 4 சதவீதம் செறிவாக ஓடும். பிளக் கருப்படிக்கும். ஆகவே ஒரு படி சிறிய ஜெட் என்பது பழைய மெக்கானிக்குகளின் நியாயமான கணக்கு.

ஆனால் பெட்ரோல் மாறிவிட்டது. 2022-ல் நாடு 10 சதவீத எத்தனால் கலப்பை எட்டியது, 2025-ல் 20 சதவீதம். ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்தால் தேவை ஏறக்குறைய 13.5-க்கு இறங்குகிறது. அதாவது, அதே அளவு காற்றுக்கு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். உயரம் கலவையை 4 சதவீதம் செறிவாக்குகிறது, எத்தனால் அதைவிட அதிகமாக வறளச் செய்கிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் இங்கே கலவை கொஞ்சம் வறட்சிப் பக்கமே நிற்கிறது. கடல்மட்டத்துக்கான 120 ஜெட் இருந்த இடத்தில் 122.5 தேவைப்படலாமே தவிர, 117.5 அல்ல. கணக்கு வழிகாட்டும், முடிவைப் பிளக் சொல்லும். ஒரு நல்ல தூரம் ஒரே வேகத்தில் ஓட்டி, எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இன்சுலேட்டர் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் வறட்சி, கரி படிந்திருந்தால் செறிவு.

எத்தனால் பழைய ரப்பரையும் கெடுக்கும். பெட்ரோல் ஓஸ், பம்ப் டயஃப்ரம், கார்பரேட்டரின் ஆக்சிலேட்டர் பம்ப் டயஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதனால் மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியின் ஃப்ளோட் சேம்பரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

நம்பிக்கை: ஏர் ஸ்க்ரூவை இறுக்கினால் மைலேஜ் வரும்.

உண்மை: சோலெக்ஸில் அந்த ஸ்க்ரூ ஐடிலிங்குக்கு மட்டுமே. சாலையில் ஓடும்போது பெட்ரோல் மெயின் ஜெட் வழியாக வருகிறது. ஸ்க்ரூவை அழுத்தி இறுக்கினால் அதன் கூர்முனை நசுங்குவதுதான் மிச்சம்.

நம்பிக்கை: பெட்டி பிரிக்காத கார்பரேட்டர் என்றால் ஒரிஜினல்தான்.

உண்மை: பெட்டியை அச்சடிப்பது சுலபம். பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்கோ சென்னை புதுப்பேட்டைக்கோ போகும்போது உங்கள் பழைய கார்பரேட்டரைக் கையில் கொண்டுபோங்கள். மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் பெங்களூரு நூறு கிலோமீட்டருக்கும் குறைவுதான். கடையிலேயே த்ராட்டில் தகட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் ஒருபக்கம் மட்டும் வெளிச்சம் கசிந்தால் அதை வைத்துவிடுங்கள். மேனிபோல்டில் உட்காரும் முகத்தின்மீது இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்தால் வளைவு தெரிந்துவிடும். வெஞ்சூரி, மெயின் ஜெட், ஏர் ஜெட் எண்களைப் படித்து, பழையதோடு ஒப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். நல்ல உடலோடு கிடைக்கும் பழைய ஒரிஜினல், பளபளக்கும் புதுப் போலியைவிட மேல்.

இவ்வளவுக்கும் பிறகு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வரிசை இது. முதலில் இக்னிஷன், பிறகு பழைய கார்பரேட்டரைப் புஷ் போட்டுக் காப்பாற்றும் முயற்சி, பிறகு அதே ரகத்தில் இன்னொன்று. வேறு ரகம் கடைசிதான். அதிலும் உங்கள் எஞ்சினின் கொள்ளளவுக்கு ஒத்த வெஞ்சூரி உள்ளதாகப் பாருங்கள். எதை மாட்டினாலும் கழற்றிய பழையதைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். 2021-ல் வந்த மத்திய அரசின் விதிகளின்படி 50 வயதைத் தாண்டிய, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனங்களுக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கிறது. 1970-களின் தொடக்கத்து வண்டிகள் அந்த வயதைக் கடந்துவிட்டன. பதிவுக்குப் போகும் நாளில் வண்டி பிறந்தபோது இருந்த உறுப்புகள் எவ்வளவு கைவசம் இருக்கின்றனவோ அவ்வளவும் உங்களுக்குப் பலம். ஆகவே பழைய கார்பரேட்டரைக் கழுவி, எண்ணெய் தடவி, ஜெட் எண்களை ஒரு சீட்டில் எழுதிக் கட்டி, பத்திரப்படுத்துங்கள்.