வாடைக்கு முன் கரையை அளந்து வையுங்கள்

புரட்டாசி பிறந்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் காற்று வாடைக்குத் திரும்பும், தெற்கே ஓடும் வன்னி வெள்ளம் (நீரோட்டம்) பிடிக்கும். கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரை கடலை ஒட்டி வாழும் ஊர்கள் அதற்குள் முடிக்க வேண்டிய வேலைகள் இவை. முதல் வேலை கரையை அளப்பது. பெரும்பாலும் விட்டுப்போவதும் அதுதான்.

வாடையில் கடல் மண்ணை எடுக்கும். தை, மாசியில் அலை தணிந்ததும் ஒரு பங்கைத் திரும்பக் கொண்டுவந்து போடும். கார்த்திகையில் அறுந்ததெல்லாம் போன கரை அல்ல, பங்குனி வரையிலும் திரும்பாததே போன கரை. இரண்டையும் பிரித்துக் காட்ட ஊரிடம் கணக்கு இருந்தால் கலெக்டர் அலுவலகத்தில் பேசும் பேச்சுக்கே பலம் வரும். கணக்கு இல்லாத ஊர், வீடு இடிந்த பிறகுதான் மனுவோடு போய் நிற்கிறது.

ஊரின் தெற்கே, நடுவே, வடக்கே கடல் எட்டாத மூன்று அடையாளங்களைத் தேர்ந்தெடுங்கள். கோயில் மதில், தண்ணீர்த் தொட்டியின் கால், வலைக்கூடத்துத் தூண் எதுவானாலும் சரி, பெயிண்டால் குறியிடுங்கள். அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு மறுநாள், ஓதம் ஏறி இறங்கியதும் பாசியும் குப்பையும் ஒதுங்கிக் கிடக்கும் தடம் வரை டேப்பை நேராகப் பிடித்து அளங்கள். அதே இடத்தில் நின்று வடக்கே ஒரு படம், தெற்கே ஒரு படம், கடலைப் பார்த்து ஒரு படம் எடுங்கள். நோட்டில் தேதியும் அளவும் அன்றைய காற்றும் வெள்ளமும் ஏறட்டும். மாதந்தோறும் முடியாவிட்டாலும் இப்போது ஒன்று, பங்குனியில் ஒன்று தவறக்கூடாது. கரைவலை இழுத்த இடம் எது, கடலுக்குள் போன கிணறு எங்கே இருந்தது என்று பெரியவர்கள் சொல்வதையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நினைவுகளுக்கு வேறு பதிவேடு கிடையாது.

தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கேட்டு மனு எழுதும் ஊர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கரையில் மண் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி தெண்டி வெள்ளம் அதை வடக்கே தள்ளுகிறது. வாடையில் கொஞ்சம் தெற்கே திரும்பினாலும் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். சுவருக்குத் தெற்கே மண் குவிந்தது, வடக்கே நகரத்தின் மணற்கரை கரைந்தது. நகரைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு அங்கிருந்து கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் நகர்ந்தது. ஒவ்வொரு வளைவும் தனக்கு வடக்கே இருக்கும் ஊரின் மண்ணை மறிக்கிறது. கடல் வாசலுக்கு வந்துவிட்ட வீட்டாரிடம் கல் கேட்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தனித்தனியே கேட்காமல், தெற்கூரும் வடக்கூரும் பஞ்சாயத்தாரை உட்காரவைத்து ஒரே மனுவாகக் கொடுங்கள். தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டவும் அதிலேயே கேளுங்கள்.

ஊராட்சிகளுக்கு அக்டோபர் 2, நவம்பர் 1 என இரண்டு கிராம சபைகள் முன்னால் இருக்கின்றன. அளவு நோட்டைத் தீர்மானத்தோடு இணையுங்கள். கடலுக்கு மிக அருகே எந்த வீடுகள், இடம் மாற நேர்ந்தால் யார் முதலில், எங்கே என்பதைப் பெண்களும் இருக்கும் சபையில் பேசுங்கள். மாற்றிடம் படகிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வேண்டும். காலி செய்யும் நிலம் விடுதிகளுக்குப் போகாமல் ஊர்ப் பொதுவிலேயே நிற்க வேண்டும். இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். அரிப்பால் இடம்பெயர்வோரின் மறுகுடியமர்வுக்கென்றே 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு 1,000 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மணல் மேடு இன்னும் மிச்சமிருக்கும் ஊர்கள் கொடுத்துவைத்தவை. அதைச் சமப்படுத்தவோ, வீட்டுக்கு நிரவ அள்ளவோ விடாதீர்கள். அடும்பங்கொடியை முதல் மழையோடு துண்டு துண்டாக ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். இராவணன் மீசைப் புல்லைப் பிடுங்காதீர்கள். பனங்கொட்டையை மேட்டுக்குப் பின்புறம், அலை எட்டாத இடத்தில் இப்போதே புதையுங்கள்.

வீட்டை நான்கு பக்கமும் தேதி தெரியும்படி படம் எடுத்து வெளியூர் உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். பின்னால் நிவாரணம் கேட்கும்போது உதவும். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, படகுப் பதிவு, சங்க உறுப்பினர் அட்டை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். கரை இடுப்பளவு செங்குத்தாக அறுந்து நிற்கும் இடங்களில் விளிம்புக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். மேலே திடமாகத் தெரிந்தாலும் அடியில் அலை குடைந்திருக்கும்.

புயல் அறிவிப்பில், எங்கே கரை கடக்கும் என்பதைக் கவனமாகக் கேளுங்கள். மையம் உங்கள் ஊருக்குத் தெற்கே கடந்தால் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். கடல் அதிகம் ஏறுவது அப்போதுதான். படகையும் எஞ்சினையும் முந்தின நாளே மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் பகலிலேயே முகாமுக்கு அனுப்புங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அதை வலைக்கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.