சளிக்குத் துத்தநாகம்: எந்த மாத்திரை, எவ்வளவு, எதற்கு?

கொரோனா காலத்தில் மருந்துக்கடைகளில் வைட்டமின் சி-யோடு ஜிங்க் மாத்திரையும் அட்டை அட்டையாகப் போனது. தொற்று தணிந்த பிறகும் பழக்கம் தணியவில்லை. இரண்டு தும்மல் வந்தாலே அந்த அட்டையைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம்பிக்கை: துத்தநாகம் சளியைச் சீக்கிரம் விரட்டும் என்பது நிரூபணமாகிவிட்டது.

உண்மை: பாதிதான் சரி. 1996-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் 100 பேரிடம் நடந்த சோதனையில், துத்தநாக மாத்திரை சப்பியவர்களுக்குச் சளி 4.4 நாளில் அடங்கியது. போலி மாத்திரை சப்பியவர்களுக்கு 7.6 நாள் ஆனது. செய்தி உலகமெங்கும் பரவியது. 1998-இல் அதே ஊரில் 249 பள்ளி மாணவர்களிடம் சோதித்தபோது இரு தரப்புக்கும் 9 நாள்தான். 2024-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, சளி ஏறக்குறைய இரண்டு நாள் குறையலாம் என்கிறது; ஆனால் சான்றின் உறுதி குறைவு என்றும் சேர்த்தே சொல்கிறது.

சளி தானாகவே போய்விடும் நோய். அதனால் மருந்து வேலை செய்ததா என்பதைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டால்தான் அறியலாம். துத்தநாகத்தின் உலோகக் கசப்போ நாக்கில் பட்டதும் காட்டிக் கொடுத்துவிடும். தனக்குக் கிடைத்தது நிஜ மருந்து என்று ஊகித்தவர், ‘எனக்குத் தேவலை’ என்று சற்று முன்னதாகவே சொல்லக்கூடும்.

நம்பிக்கை: எந்த ஜிங்க் மாத்திரையானாலும் ஒன்றுதான்.

உண்மை: கிளீவ்லேண்டில் கொடுத்தது விழுங்கும் மாத்திரை அல்ல. சளி தொடங்கி 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கொரு முறை, 13.3 மில்லிகிராம் துத்தநாகம் உள்ள மாத்திரையை வாயில் வைத்துக் கரைய விட்டார்கள். தொண்டையிலேயே துத்தநாக அயனிகள் வைரஸைத் தடுக்கும் என்பதுதான் கருதுகோள். ஒரே மடக்கில் விழுங்கும் மாத்திரை தொண்டையில் நிற்பதே இல்லை. சப்பும் மாத்திரையின் சோதனை முடிவை அதன் தலையில் கட்ட முடியாது.

நம்பிக்கை: தினமும் போட்டுக்கொண்டால் சளியே வராது.

உண்மை: வராமல் தடுப்பதில் பலன் இல்லை அல்லது மிகக் குறைவு என்கிறது அதே காக்ரேன் தொகுப்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு ஒரு நாள் தேவை 17 மில்லிகிராம், பெண்ணுக்கு 13.2. கடையில் கிடைக்கும் 50 மில்லிகிராம் மாத்திரை இதைப்போல ஏறக்குறைய மூன்று முதல் நான்கு மடங்கு. மாதக்கணக்கில் இப்படி எடுத்தால் உடலில் தாமிரச்சத்து குறைந்து, இரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரலாம். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளோக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளோடு சேர்த்து விழுங்கினால் அந்த மருந்து உடலில் சேர்வதும் குறையும்.

நம்பிக்கை: மூக்கிலேயே விட்டால் நேராக வேலை செய்யும்.

உண்மை: இதுதான் ஆபத்தானது. ‘சைகேம்’ என்ற பெயரில் மூக்கில் இடும் துத்தநாக ஜெல் அமெரிக்காவில் விற்பனையானது. அதைப் பயன்படுத்தியபின் வாசனையே தெரியவில்லை என்று நூற்றுக்கும் மேற்பட்டோர் முறையிட்டார்கள். 2009-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அதைப் பயன்படுத்த வேண்டாம் என எச்சரித்தது. ஒரு வாரத்தில் போகிற சளிக்காக மோப்ப உணர்வையே பணயம் வைக்கக் கூடாது.

நம்பிக்கை: அப்படியானால் ஜிங்க் மாத்திரையே வீண்.

உண்மை: குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலோடு துத்தநாகம் 10 முதல் 14 நாள் கொடுக்கும்படி உலக சுகாதார அமைப்பும் யூனிசெஃபும் 2004-லேயே பரிந்துரைத்தன: நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 10. குழந்தைக்குப் பேதி கண்டு மருத்துவர் ஜிங்க் எழுதித் தந்தால், பேதி நின்றுவிட்டதென்று பாதியில் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை கொடுங்கள்.