சின்னத் தயாரிப்பாளர் சூப்பர் மார்க்கெட் ரேக்கில் ஏறுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

எங்கள் தெருவில் ஓர் அக்கா இட்லிப் பொடி செய்து விற்கிறார். எள்ளும் கறுப்பு உளுந்தும் வறுபடும் வாசனை வந்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். போன வருடம் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் அவருடைய பொடியை எடுத்தது. ஆசையாகப் போய்ப் பார்த்தேன். கடைசி ரேக்கின் அடித்தட்டில், துடைப்பக் கட்டுக்குப் பக்கத்தில், மூன்று பாக்கெட் சாய்ந்து கிடந்தன. நான்காம் மாதம் எக்ஸ்பைரி என்று அத்தனையும் திரும்பி வந்தன. பொடியில் ஒரு குறையும் இல்லை. கடைக்காரரின் கணக்கு அக்காவுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

படி 1: பதிவுகள்

எஃப்எஸ்எஸ்ஏஐ எனும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவில் கிடைக்கும் 14 இலக்க எண் இல்லாமல் எந்தக் கடைப் படியும் ஏறாதீர்கள். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அதையும் இன்றே முடித்துவிடுங்கள், பின்னால் பணம் வசூலிக்க உதவும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் பெரிய கடைகள் அந்த எண்ணைக் கேட்கும்.

படி 2: லேபிள்

தமிழில் மட்டும் அச்சடித்தால் போதாது. சட்டப்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம், சேருங்கள். சேர்மானங்கள், நிகர எடை, எம்ஆர்பி, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சைவத்துக்கான பச்சை வட்டம், முகவரி என எதுவும் விடுபடக் கூடாது. பார்கோடு ஜிஎஸ்1 இந்தியாவில் வாங்க வேண்டும். அது 890 என்று தொடங்கும்.

அச்சான தேதியை எண்ணெய் விரலால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். அழிந்தால் அந்த மையை மாற்றுங்கள். பொடி பாக்கெட்டில் எண்ணெய் கசியாமல் இருக்காது.

படி 3: விலைக் கணக்கு

பலர் சறுக்குவது இங்கேதான். உதாரணத்துக்கு எம்ஆர்பி 100 ரூபாய் என்று வையுங்கள். கடை மார்ஜின் 25, டிஸ்ட்ரிபியூட்டருக்கு 8, ஆஃபருக்கு 5, ரிட்டர்ன் நஷ்டத்துக்கு 5. கையில் நிற்பது 57. வரி இருந்தால் அதுவும் இதிலிருந்துதான் போகும். உளுந்து, மிளகாய், கேஸ், பாக்கெட், வண்டிச் சத்தம், கூடவே உங்கள் கூலி எல்லாம் இந்த 57-க்குள் அடங்கி மிச்சமும் இருக்க வேண்டும். வறுத்து இடித்த உழைப்புக்குக் கூலி போடாமல் கணக்கு எழுதும் பெண்கள் எத்தனை பேர்! தயவுசெய்து அதை எழுதுங்கள்.

சில சங்கிலிக் கடைகள் பொருளை எடுக்கவே நுழைவுக் கட்டணம் கேட்கும். முதல் வருடம் அதைக் கட்டாதீர்கள். விளம்பரத்துக்கு அள்ளிவிடும் கம்பெனிகளோடு அந்தப் போட்டியில் நம்மால் நிற்க முடியாது.

படி 4: முதல் கடை

முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர் டிபார்ட்மென்டல் ஸ்டோராகப் பாருங்கள். 12 பாக்கெட் போதும். மசாலா ரேக்கில் இடம் கேட்காதீர்கள். அங்கே பெரிய பிராண்டுகள் தோளோடு தோள் நிற்கின்றன. இட்லி மாவு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டாண்ட் கேளுங்கள். மாவு எடுக்க வந்த கை பொடியையும் எடுக்கும். வாரம் ஒருமுறை நேரில் போய்ப் பழைய பாக்கெட்டை முன்னால் நகர்த்தி, தூசி துடைத்து, எத்தனை விற்றது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கடைக்காரரிடம் காட்ட அந்த நோட்டைவிட நல்ல சாட்சி கிடையாது.

படி 5: ரிட்டர்னும் பாக்கியும்

ரிட்டர்ன் எத்தனை சதவீதம் வரை, எலி கடித்த பாக்கெட் யார் பொறுப்பு, பணம் எத்தனை நாளில் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் செய்யலாம். உத்யம் எண் கைகொடுப்பது இங்கேதான்.

அக்கா இப்போது இரண்டு உள்ளூர்க் கடைகளுக்கு மட்டும் கொடுக்கிறார், மாவு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில். திங்கட்கிழமை வைக்கும் 24 பாக்கெட்டில் சனிக்கிழமை ஒன்றோ இரண்டோதான் மிஞ்சுகிறது.